முறை

கிளிநொச்சியில் இருக்கும் வட்டக்கச்சிக்கு நானும் மகனும் வந்து சேர்ந்தது 2023 மாசி மாதம். மாரி மழையில் விளையும் காலபோக நெல்லின் அறுவடை நடந்துகொண்டிருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கினால் வீதியின் ஒரு பாதி முழுக்க நெல் காயப் போட்டிருந்தார்கள். நெல்லில் கால் படாமல், பெட்டிகள் இரண்டையும் தூக்கிக்கொண்டு ஓரமாக நடந்தோம். மகனுக்கு அப்போது ஒன்பது வயது. லீவுக்கு வரும்போதெல்லாம் "அம்மம்மா வீடு" என்றுதான் சொல்லுவான். அன்றைக்கு, "எங்கட வீட்டுக்கு இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டான். அதுவரை நான் அவனுக்கு எதையும் விளக்கமாகச் சொல்லியிருக்கவில்லை. அவனுக்கு விளங்கியிருந்தது.

நானும் அவனுடைய அப்பாவும் ஏன் பிரிந்தோம் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. இதை ஒருநாள் மகன் வாசிப்பான். 2012 இல் கலியாணம். 2022 முடியும்போது அவர் ஓரிடத்திலும் நாங்கள் ஓரிடத்திலும் என்று ஆகிவிட்டது. கொழும்பில், வெள்ளவத்தை வீட்டு வாடகையை என் ஒருத்தியின் சம்பளத்தில் கட்ட முடியவில்லை. அந்த வருடம் சாமான் விலைகள் ஏறிய விதம் எல்லோருக்கும் நினைவிருக்கும். அம்மாவுக்கு போன் எடுத்து, என்ன செய்வதென்று தெரியவில்லை என்றேன். "வீடு இருக்கு, வா" என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

அந்த வீடு இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டியது. 5,50,000 ரூபாய். அத்திவாரம் போட்டால் ஒரு காசு, சுவர் எழும்பினால் ஒரு காசு என்று கட்டங்கட்டமாகக் கொடுத்தார்கள். மிச்சத்துக்கு அம்மா தன் தாலிக்கொடியை விற்றார். 2009 தை மாதம் யுத்தத்தில் இந்த வளவை விட்டு நாங்கள் வெளிக்கிட்டபோது இங்கே நின்றது அப்பா கட்டிய வீடு. மெனிக்பாம் அகதி முகாமில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தபோது கிணறும் இரண்டு தென்னையும்தான் மிச்சம். அப்பாவும் திரும்பி வரவில்லை. நான் கலியாணம் கட்டிப் போன பிறகு எழும்பிய வீடு என்பதால் அதில் எனக்கென்று ஓர் அறை இருந்ததே கிடையாது. இரண்டு அறை, ஒரு விறாந்தை, ஒரு குசினி. ஓர் அறையில் தம்பியும் மச்சாளும் குழந்தையும். மற்ற அறையை அம்மா எங்களுக்கு விட்டுவிட்டு விறாந்தைக்குப் பாயைக் கொண்டுபோனார்.

மச்சாள் என்னைவிட ஆறு வயது இளையவள். குசினி அவளுடையது. வந்த அடுத்த நாள் விடிய மகனுக்கு முட்டை பொரிக்கப் போனேன். உப்புப் போத்தல் எங்கே என்று தெரியவில்லை. அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். என் அம்மாவின் வீட்டில் உப்பு எங்கே என்று நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அவளுக்கும் அது சங்கடமாக இருந்திருக்க வேண்டும், ஓடி வந்து எடுத்துத் தந்துவிட்டு உடனே போய்விட்டாள். ஒரு மாதம் இருவரும் ஒருவருக்கொருவர் இடம் விட்டு இடம் விட்டே நடந்தோம். ஒருத்தி உள்ளே இருந்தால் மற்றவள் கிணற்றடியில். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் சுவர்த் தட்டுகளில் ஒன்றைத் துடைத்து, பழைய கலண்டர்த் தாள் விரித்து, "மச்சாள், இது உங்கட சாமானுக்கு" என்றாள். நான் அதில் தேயிலைப் பக்கற்றையும் மகனின் மாப் பேணியையும் வைத்தேன். அன்றிலிருந்து நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் குசினியில் நிற்கிறோம்.

ஊருக்குப் போனால் மனம் ஆறும் என்று கொழும்பில் பலர் சொல்லி அனுப்பினார்கள். முதல் மூன்று மாதம் எனக்கு மனம் ஆறவில்லை, உடம்புதான் களைத்தது. பைப்பைத் திறந்தால் தண்ணீர் வந்த இடத்திலிருந்து வந்தவளுக்குக் கிணற்றில் அள்ளியே நாலு பேருக்கு உடுப்புத் தோய்ப்பது பெரிய வேலை. உள்ளங்கை கொப்புளித்தது. விறகு ஈரமென்றால் அடுப்புப் புகையும், புகைந்தால் மகனுக்கு இழுப்பு வரும். குரங்குக் கூட்டம் வந்தால் குரும்பை ஒன்று மிஞ்சாது. இருட்டினால் ரோச் லைற் இல்லாமல் கால் வைக்கக் கூடாது, புடையன் பாம்பு கிடக்கும். இதெல்லாம் நான் பிறந்து வளர்ந்த ஊரில் எனக்குத் தெரிந்தவைதான். தெரிந்ததை உடம்பு மறந்துவிட்டிருந்தது.

வெள்ளவத்தையில் நாலாம் மாடியில் இருந்தோம். எதிர்க் கதவில் யார் இருக்கிறார்கள் என்று கடைசிவரை தெரியாது. இங்கே நான் வந்த அன்று பின்னேரமே சந்திக் கடைவரை கதை போயிருந்தது. ஆனால் ஒருவரும் என்னிடம் நேரே கேட்கவில்லை. அம்மாவிடம்தான் கேட்டார்கள். "மகள் லீவில வந்து நிக்கிறாவோ?" அம்மா "ஓம்" என்பார். சித்திரை வருடப் பிறப்புவரை அந்த "ஓம்" தாங்கியது. லீவு அவ்வளவு நீளாது என்று கேட்பவர்களுக்கும் தெரியும். பிறகு ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று யாரோ கேட்க, "இனி இங்கதான் இருப்பா" என்று அம்மா சொல்வது கேட்டது. நான் உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தேன். கை அப்படியே நின்றுவிட்டது. அதைச் சத்தமாகச் சொல்ல அம்மா எத்தனை நாள் மனத்தைத் திடப்படுத்தியிருப்பார்!

மகனைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்காகக் கிராம அலுவலரான விதானையாரிடம் கடிதம் எடுக்கப் போனேன். குடும்ப விபரம் பதிந்துகொண்டிருந்தார். "பெண் தலைமைத்துவக் குடும்பம்" என்பது வன்னியில் அலுவலகச் சொல்லாக இருந்து வீட்டுச் சொல்லாகவே மாறிவிட்ட ஒன்று. ஷெல்லில் மனுசனைப் பறிகொடுத்தவர்கள், மனுசன் காணாமல் ஆக்கப்பட்டவர்கள், மனுசன் இருந்தும் எழும்பி நடக்க முடியாதவராக இருப்பவர்கள் என்று ஒவ்வொரு ஊரிலும் அந்தப் பட்டியல் நீளம். எனக்கு முன்னால் கதிரையில் இருந்த பெண்ணுக்கு ஒரு கால் இல்லை. அவர் எழும்பிப் போன பிறகு விதானையார் பேனையை வைத்துக்கொண்டு, "என்னெண்டு போடுறது, பிள்ளை?" என்று மெதுவாகத்தான் கேட்டார். எனக்கு வாய் வரவில்லை. என் மனுசன் உயிரோடு இருக்கிறார். கொழும்பில் இருக்கிறார். போன் நம்பர் இருக்கிறது. அந்தப் பெண்ணின் பெயருக்குக் கீழே என் பெயரை எழுதுவது களவு போலப்பட்டது. "பிரிஞ்சு இருக்கிறம்" என்று ஒருவாறு சொன்னேன். அவர் தலையை நிமிர்த்தாமலே எழுதினார். அதற்காக அவருக்கு இன்றைக்கும் நன்றி.

இந்தக் கூச்சம் எனக்குள் நெடுநாள் இருந்தது. துக்கத்திலும் இங்கே ஒரு மரியாதை வரிசை இருக்கிறது, நான் அதில் எங்கும் நிற்க முடியாதவள் என்று எனக்கு நானே தீர்மானித்து வைத்திருந்தேன். கோயிலுக்குப் போகவில்லை. வைகாசி விசாகத்தை ஒட்டி ஊரே வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலுக்கு வெளிக்கிட, நான் தலையிடி என்று சொல்லிவிட்டுப் படுத்திருந்தேன்.

என் கூச்சத்தை உடைத்தது முன்வீட்டு அக்கா. அவர் தன் மனுசனை 2009 மே மாதம், யுத்தம் முடிந்த நாட்களில், வட்டுவாகலில் இராணுவத்திடம் தன் கையாலேயே ஒப்படைத்தவர். "விசாரிச்சிட்டு விடுவினம்" என்று சொன்னதை நம்பி ஒப்படைத்தார். மகளுக்கு அப்போது இரண்டு வயது. 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் போராட்டம் தொடங்கினார்களே, அன்றிலிருந்து அதில் இருப்பவர். படத்தைக் கவரில் போட்டு, மழைக்கு நனையாமல் பையில் வைத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் போவார். இன்றுவரை நெற்றியில் குங்குமம் வைக்கிறார். யார் என்ன சொன்னாலும் வைக்கிறார்.

அந்த நாட்களில் மகனின் அப்பா எடுத்தால் நான் போனைத் தூக்குவதில்லை. மகனிடம், "கவரேஜ் இல்லை" என்று சொல்லிவிடுவேன். எங்கள் பக்கம் அடிக்கடி கவரேஜ் இல்லாமல் போவது உண்மைதான், அதனால் பொய் நின்றது. ஒரு பின்னேரம் அக்கா தேங்காய் துருவ எங்கள் துருவுபலகை கேட்டு வந்து, பேச்சுவாக்கில் எங்கள் விறாந்தையிலேயே இருந்து துருவிக்கொண்டிருந்தார். போன் அடித்தது. நின்றது. திரும்பவும் அடித்தது. நாலாம் தடவை அவர் கையை நிறுத்தினார்.

"ஆர் பிள்ளை?"

"இவன்ர தகப்பன்."

"எடுக்கேல்லையோ?"

நான் பேசாமல் இருந்தேன். அவர் துருவிய பூவைக் கையால் ஒதுக்கிக்கொண்டே சொன்னார்: "உனக்குப் பிடிக்காட்டி நீ கதையாத. அவனைக் கதைக்க விடு. என்ர மகள் என்னட்டைக் கேக்கிறாள், அப்பான்ர குரல் எப்பிடியம்மா இருக்கும் எண்டு. அதை நான் என்னெண்டு செய்து காட்டுறது?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு மிச்சப் பாதியைத் துருவினார். ஐந்தாம் தடவை அடிக்கும்வரை நான் காத்திருந்தேன். அடிக்கவில்லை. நானே எடுத்து மகனின் கையில் கொடுத்தேன். முருங்கை மரத்தடியில்தான் எங்கள் வளவில் கவரேஜ் நன்றாக இருக்கும். அவன் அங்கே ஓடினான். அன்றிலிருந்து ஞாயிறு பின்னேரம் ஐந்து மணி அவர்கள் இருவருடைய நேரம். என்ன கதைக்கிறார்கள் என்று நான் கேட்பதில்லை. சில நாட்களில் முருங்கையடியிலிருந்து சிரிப்புக் கேட்கும். முதலில் அந்தச் சிரிப்பு எனக்கு நோகத்தான் செய்தது. உண்மையை எழுத வேண்டும் அல்லவா? இப்போது நோவதில்லை.

பள்ளிக்கூடத்தில் "உன்ர அப்பா எங்கை?" என்று கேட்பார்களே என்று பயந்துகொண்டிருந்தேன். கேட்டார்கள். "கொழும்பில" என்றான். அவன் வகுப்பில் பாதிப் பேரின் அப்பாமார் கொழும்பிலோ கட்டாரிலோதான் வேலை செய்கிறார்கள். கதை அதோடு முடிந்துவிட்டது. அவனைத் தம்பி வாய்க்காலில் இறக்கி நீந்தப் பழக்கினான். முதல் நாள் மூக்கால் தண்ணீர் குடித்து அழுதுகொண்டு வந்தவன், ஒரு மாதத்தில் மதகிலிருந்து குதித்தான். "மாமா, மாமா" என்று அவன் தம்பியின் பின்னாலேயே திரிவதைப் பார்க்கும்போது, கொழும்பில் இவனுக்கு இப்படி ஓர் ஆளில்லாமல் போயிற்றே என்று இருக்கும்.

இடையில் கிளிநொச்சியில் ஒரு சட்டத்தரணியைப் போய்ப் பார்த்தேன். இருவரும் சம்மதித்துத்தானே பிரிந்தோம், அதை அப்படியே எழுதிக் கொடுத்தால் போதாதா என்று கேட்டேன். போதாதாம். இலங்கையின் பொதுத் திருமணச் சட்டத்தில் இருவர் மனமொத்து விவாகரத்துப் பெற வழியில்லை. 1907 ஆம் ஆண்டின் திருமணப் பதிவுக் கட்டளைச் சட்டம் மூன்று காரணங்களைத்தான் ஏற்கிறது: கலியாணத்துக்குப் பிறகு வேறொருவரோடு தொடர்பு, வேண்டுமென்றே கைவிட்டுப் போதல், கலியாண நேரத்திலேயே இருந்த தீராத ஆண்மைக் குறைவு. ஒருவர் மற்றவர் மேல் குற்றம் சாட்டி, மாவட்ட நீதிமன்றத்தில் அதை நிறுவ வேண்டும். "ஆர் ஆரை விட்டுப் போனது?" என்று சட்டத்தரணி கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. பெட்டி கட்டியது நான். அதற்கு முதலே நாங்கள் ஒரே வீட்டுக்குள் இருந்துகொண்டு ஆளையாள் விட்டுப் போயிருந்தோம். அதை எந்தப் பத்தியில் எழுதுவது? வழக்குப் போடாமலே திரும்பி வந்தேன்.

ஒன்று மட்டும் மற்றப் பெண்களுக்காகச் சொல்லி வைக்கிறேன். பிள்ளையின் செலவுக்குத் தகப்பன் காசு தராவிட்டால், விவாகரத்து ஆகும்வரை பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. 1999 ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் தாபரிப்பு வழக்குப் போடலாம். எனக்கு அது தேவைப்படவில்லை. அவர் மாதாமாதம் அனுப்பிக்கொண்டுதான் இருந்தார்.

என்னை உண்மையில் இடித்தது காணிச் சட்டம். 2024 தொடக்கத்தில் வயலை நானே செய்வதென்று முடிவெடுத்தேன். 2021 இல் இரசாயன உரத்தை ஒரேயடியாக நிறுத்தினார்களே, அதற்குப் பிறகு வந்த போகத்தின் விளைச்சலைப் பார்த்து மனம் வெறுத்து அம்மா வயலைக் குத்தகைக்கு விட்டிருந்தார். திரும்ப எடுப்பதற்குக் காசு வேண்டும். வாரக் கடன் தருகிறோம் என்று மோட்டார் சைக்கிளில் வருபவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கடனில் விழுந்து, ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன் எடுத்து, கட்டும் நாளில் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்த பெண்களை இந்த ஒழுங்கையிலேயே பார்த்திருக்கிறேன். அது வேண்டாம் என்று அம்மாவும் நானும் ஒரே குரலில் சொல்லிக்கொண்டோம். எனக்குச் சீதனமாக எழுதித் தந்த காணி ஒன்று தீவுப்பகுதியில் இருந்தது. 1950களில் இங்கே குடியேற்றத் திட்டத்துக்கு வந்த அம்மம்மாவின் பூர்வீகக் காணி, எட்டுப் பரப்பு. அதை விற்கலாம் என்று உறுதி எழுதும் நொத்தாரிசுவிடம் போனால், "புருசன்ர சம்மதக் கையெழுத்து வேணும்" என்றார்.

யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட மனைவி, தன் சொந்தச் சீதனக் காணியானாலும், கணவனின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. 1911 ஆம் ஆண்டில் எழுதிய சட்டம். கணவன் கைவிட்டுப் போயிருந்தால், அல்லது காரணமில்லாமல் மறுத்தால், மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி கேட்கலாம் என்று ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அதற்கும் நீதிமன்றப் படி ஏற வேண்டும். அம்மம்மா வெயிலில் நின்று காத்த காணி அது. அவர் தன் பெண்ணுக்குக் கொடுத்து, அவள் தன் பெண்ணுக்குக் கொடுத்தது. அதை நான் தொடுவதற்கு, ஒன்றாக வாழாத ஒருவரின் கையெழுத்துக் கேட்டு நிற்க வேண்டும் என்பதை என்னால் இன்றைக்கும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. இந்தச் சட்டம் மாற வேண்டும். பெண்கள் அமைப்புகள் எவ்வளவு காலமாகச் சொல்லி வருகிறார்கள்.

அவரிடம் நேரே கேட்க மனம் வரவில்லை. மாமிக்கு எடுத்தேன்.

என் மாமியார் வடமராட்சியில் தனியாக இருக்கிறார். எங்கள் கலியாணத்தின்போது, "வன்னியிலையோ பெண் எடுத்தனீங்கள்?" என்று ஊரில் கேட்டவர்களுக்கு, "ஓம், வன்னியிலதான்" என்று முகத்துக்கு நேரே சொன்னவர். நாங்கள் பிரிந்த பிறகு ஒரு வருடத்துக்கு மேலாக அவருடன் நான் கதைக்கவில்லை. அவர் என்ன பிழை செய்தார்? ஒன்றும் இல்லை. ஆனாலும் கதைக்கவில்லை. விசயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் சத்தம் வரவில்லை. பிறகு, "திகதியைச் சொல்லு பிள்ளை, நான் அவனைக் கூட்டிக்கொண்டு வாறன்" என்றார்.

பங்குனி மாதம் நொத்தாரிசுவின் கந்தோர் வாங்கில் மூவரும் இருந்தோம். நடுவில் மாமி. மகனின் அப்பா கையெழுத்து வைத்தார். வைத்துவிட்டு, "இவன் பள்ளிக்கூடத்தால எத்தினை மணிக்கு வருவான்?" என்று கேட்டார். சொன்னேன். பள்ளிக்கூட வாசலில் நின்று மகனைக் கூட்டிக்கொண்டுபோய், சந்திக் கடையில் சோடா வாங்கிக் கொடுத்து, இருட்ட முதல் கொழும்பு பஸ்ஸுக்குப் போய்விட்டார். மாமி போகவில்லை. "மூண்டு நாள் நிக்கட்டோ?" என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா பதில் சொல்லாமல் பாயையும் தலையணையையும் எடுத்து வந்து தன் பாய்க்குப் பக்கத்தில் போட்டார்.

அடுத்த நாள் காலை மாமி முற்றத்தில் ஒடியல் மாவை வெயிலில் விரித்துக்கொண்டிருந்தார், கொண்டு வந்தது வழியில் ஈரம் பிடித்திருந்தது. பக்கத்து வளவு அப்பு வேலியால் எட்டிப் பார்த்து என்னைக் கேட்டார்: "இவ உங்களுக்கு என்ன முறை, பிள்ளை?"

ஊரில் புது முகம் கண்டால் எல்லோரும் கேட்கிற கேள்விதான். நான் திகைத்துப் போனேன். மாமி என்று சொன்னால் அடுத்த கேள்வி வரும். வேறென்ன சொல்வது என்றும் தெரியவில்லை. மாமியும் தலையைக் குனிந்து மாவைத் தடவிக்கொண்டிருந்தார். கிணற்றடியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது: "சம்மந்தி, அப்பு. எங்கட சம்மந்தி. பேரனைப் பாக்க வந்து நிக்கிறா."

அப்பு, "அப்பிடியே, நல்லது, நல்லது" என்றுவிட்டுப் போனார்.

அந்த மூன்று இரவும் இரண்டு பேரும் விறாந்தையில் படுத்துக்கொண்டு கதைத்தார்கள். முழங்கால் நோ, எண்ணெய், தேங்காய் விலை, செத்துப்போன மனுசன்மார். எங்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. திரும்பிச் சேர்ந்து இரு என்று மாமி என்னிடம் ஒருபோதும் சொன்னதில்லை. போகிற அன்று பஸ் வரும் நேரத்தில்தான், "நான் இடைக்கிடை வரலாம்தானே?" என்று கேட்டார். கேட்கும் நிலையில் அவரை வைத்துவிட்டேனே என்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

காணி விற்ற காசில் வயல் திரும்ப வந்தது. கோடையில் செய்யும் சிறுபோகம் என்றால் எங்களுக்கு இரணைமடுக் குளத்துத் தண்ணீர்தான். 1902 இல் கட்டத் தொடங்கிய குளம், கனகராயன் ஆற்றை மறித்தது. இரண்டு மடுக்கள் சேர்ந்ததால் இரணைமடு என்பார்கள். கிளிநொச்சியில் இருவர் சந்தித்தால் சுகம் விசாரித்த கையோடு "குளம் எத்தினை அடி?" என்றுதான் கேட்பார்கள். 36 அடி என்றால் நிறைகுளம். மாரியில் நிறைந்த தண்ணீரைப் பார்த்து, சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தீர்மானிப்பார்கள். பிறகு கமக்காரர் அமைப்பு பங்கு பிரித்து, வாய்க்கால் வாய்க்காலாகத் தண்ணீர் விடும் முறையைக் கொப்பியில் எழுதும். எங்கள் பங்குக்கு அந்தக் கொப்பியில் இன்னும் அப்பாவின் பெயர்தான் இருந்தது.

வழக்கமாகத் தண்ணீர் கட்டத் தம்பிதான் போவான். ஆனி மாதத்தில் ஓர் இரவு எங்கள் முறை ஒன்றரை மணிக்கு வந்தது. அன்று மச்சாளுக்கு வயிற்றுக்குத்து எடுத்து, தம்பி அவளோடு ஆஸ்பத்திரியில் நின்றான். அம்மாவுக்கு முழங்கால். நான் தம்பியின் பூட்ஸை மாட்டிக்கொண்டு மண்வெட்டியை எடுத்தேன். மகன் எழும்பி வந்து ரோச் லைற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். போய்ப் படு என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. தனியே போக எனக்குப் பயமாக இருந்தது.

நிலவு இல்லை. தவளைச் சத்தத்தில் ஆளின் பேச்சு ஆளுக்குக் கேட்காது. மடையைத் திறந்துவிட்டேன். தண்ணீர் முதலில் தயங்கித் தயங்கி வந்தது. வெடித்த மண்ணுக்குள் போகும்போது ஒரு சின்னச் சத்தம் கேட்கும், கொதிக்கிற சட்டியில் கை தெளிப்பது போல. மேல் வயல் நனைந்து இரண்டாம் வரம்புக்கு வரும் என்று பார்த்துக்கொண்டு நிற்கிறோம், வரவில்லை. அரை மணித்தியாலம் போனது. மகன்தான் வெளிச்சத்தை வரம்போரமாக அடித்து, "அம்மா, இஞ்ச ஓடுது" என்று கண்டுபிடித்தான். நண்டு துளைத்த பொந்தால் எங்கள் தண்ணீர் பக்கத்து வயலுக்குப் போய்க்கொண்டிருந்தது. மண்ணை வெட்டிப் போட்டேன், கரைத்துக்கொண்டு போனது. திரும்பவும் போட்டேன், திரும்பவும் போனது.

வாய்க்கால் பக்கமிருந்து ஒரு வெளிச்சம் வந்தது. "ஆற்ற முறை இது?" என்று ஆம்பிளைக் குரல்.

"என்ர முறை" என்றேன். "ஒண்டரையில இருந்து நாலரை மட்டும்."

கிட்ட வந்து முகத்தில் வெளிச்சம் படாமல் ரோச்சைத் தாழ்த்தினார். எங்களுக்கு அடுத்த முறைக்காரர், அப்பாவோடு வயல் செய்தவர். என்னையும் பார்த்தார், மகனையும் பார்த்தார். ஏன் நீ வந்தாய், தம்பி எங்கே என்று ஒன்றும் கேட்கவில்லை. "மண்ணை மட்டும் போட்டா நிக்காது. வைக்கலைச் சுருட்டித் திணிச்சிட்டு மண்ணைப் போட்டு மிதி" என்றார். சூடு அடித்த இடத்தில் கிடந்த பழைய வைக்கோலை மகன் ஓடிப்போய் அள்ளி வந்தான். பந்து போலச் சுருட்டி, பொந்துக்குள் முழங்கைவரை கையை விட்டுத் திணித்து, களியை வெட்டிப் போட்டு இருவரும் ஏறி மிதித்தோம். நின்றது. அவர் வரம்பில் குந்தியிருந்து வெற்றிலை போட்டுக்கொண்டே, "தேப்பனும் உப்பிடித்தான், ஆளைக் கூப்பிடாமல் தானே நிண்டு மல்லுக்கட்டுவார்" என்றார். அப்பாவைப் பற்றி எனக்குத் தெரியாத ஒன்றை யாராவது சொல்லி எத்தனை வருடம். நாலரைக்கு மடையை மறித்து அவருக்கு விட்டுக் கொடுத்தோம். வீட்டுக்கு வந்தபோது போன் அடித்தது. மச்சாளுக்குப் பெண் குழந்தை. மகன் சேற்றுக் கையோடே போனை வாங்கி, "மாமா, தண்ணி கட்டியாச்சு" என்றான்.

அடுத்த கூட்டத்தில் அமைப்புச் செயலாளர் கொப்பியைப் பிரித்து அப்பாவின் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு என் பெயரை எழுதினார். அப்பாவின் பெயரை வெட்டவில்லை. வெட்ட வேண்டாம் என்று நான்தான் கேட்டேன்.

2025 மாசியில் காலபோகம் வெட்டினோம். ஆட்டக்காரி நெல், ஏக்கருக்கு இருபத்திரண்டு மூட்டை. பெரிய விளைச்சல் என்று சொல்ல மாட்டேன். மயிலும் மழையும் தின்றது போக மிஞ்சியது. சாப்பாட்டுக்கு எடுத்ததை அம்மா அவித்துக் காய வைத்தார். வீதியில் எங்கள் நெல்லும் ஒரு பாதியில் கிடந்தது. முன்வீட்டு அக்காவுக்கு ஒரு கடகம் கொடுத்தோம். மில்லில் குத்தி வந்த அரிசியில் இருபத்தைந்து கிலோவை ஒரு சாக்கில் கட்டி, மாமிக்கு பஸ்ஸில் போட்டுவிட நினைத்தோம். விலாசத்தை எழுதச் சொல்லி மகனிடம் மார்க்கர்ப் பேனையைக் கொடுத்தேன். சாக்கை நிலத்தில் படுக்கவைத்து, முழங்காலில் நின்று, பெரிய எழுத்தில் "அப்பம்மாவுக்கு" என்று எழுதினான். பெயரையும் ஊரையும் எழுதடா என்றேன். எழுதினான். இன்னும் இடம் இருந்தது. கொஞ்சம் யோசித்துவிட்டு அதற்குக் கீழே, "எங்கட வயல் அரிசி" என்று எழுதினான்.

கண்டக்டர் சாக்கைத் தூக்கிப் படிக்கட்டுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, "இறக்கிற இடத்தில ஆர் நிப்பினம்?" என்று கேட்டார்.

"கொடிகாமம் சந்தியில அப்பம்மா நிப்பா" என்றான் மகன். "வெள்ளைச் சேலை. கண்டோன்ன தெரியும்."